வன்னிப் பெண்பிள்ளைகளின் விளையாட்டுக் கதைகள்: எழுத வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போட்டி விளையாட்டில் இறங்குகிற 13 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளைப் பற்றிக் கதை எழுத விரும்புபவர்களுக்காக இந்தப் பக்கம். உயர்தர மாணவிகள், ஆசிரியர்கள், ஊரை விட்டுப் போய் வெளிநாட்டில் இருந்து எழுதுபவர்கள் என்று பலர் கேட்பவை இவை. கதைக் களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

கதையை எங்கிருந்து தொடங்குவது?

அவளுக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து. வலய மட்டத்தில் முதலாமிடமா, அணித் தலைவி என்ற பெயரா, போன வருடம் தன்னைத் தோற்கடித்த பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையை ஒருதரமாவது முந்துவதா? அது தெளிவாகத் தெரிந்தால் பாதிக் கதை வந்துவிடும். வன்னிப் பிள்ளைகளைப் பற்றி வருகிற பல கதைகளில் இந்த ஆசையைத்தான் காணவில்லை. பிள்ளை ஓடுகிறாள், வாசகர் அழுகிறார், அவ்வளவுதான். அவள் ஏன் ஓடுகிறாள், யாரை வெல்லப் பார்க்கிறாள் என்பது கடைசிவரை வருவதில்லை. வெல்ல வேண்டும் என்ற வெறி பெண்பிள்ளைக்கும் இருக்கும். அதை மூடி மறைக்காமல் எழுதுங்கள். அவள் பொறாமைப்படட்டும், தோற்றால் கோபத்தில் போத்தலை எறியட்டும், தோழி காயப்பட்டபோது தனக்கு இடம் கிடைத்ததென்று ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டு, பிறகு அதை நினைத்து நித்திரை இல்லாமல் கிடக்கட்டும்.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலாம்?

நீங்கள் விளையாடியதை. இல்லாவிட்டால் மைதான ஓரத்தில் நின்று நிறையப் பார்த்ததை. நம் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம், மெய்வல்லுநர், கரப்பந்தாட்டம், எல்லே, உதைபந்தாட்டம், கபடி என்று எவ்வளவோ இருக்கின்றன. குத்துச்சண்டை, பளுதூக்கல் வரைக்கும் போகிறார்கள். இன்னும் யாரும் தொடாத கதைகள் கபடியிலும் பளுதூக்கலிலும் நிறையக் கிடக்கின்றன.

வலைப்பந்தாட்டத்தில் கதைக்கு உதவுகிற மாதிரி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்த விளையாட்டின் விதிகளே கதை மாதிரித்தான்.

பக்கத்துக்கு ஏழு பேர். ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் முதுகிலும் எழுத்து: ஜீ.எஸ். (கோல் ஷூட்டர்), ஜீ.ஏ. (கோல் அட்டாக்), டபிள்யூ.ஏ. (விங் அட்டாக்), சீ. (சென்ரர்), டபிள்யூ.டி. (விங் டிஃபென்ஸ்), ஜீ.டி. (கோல் டிஃபென்ஸ்), ஜீ.கே. (கோல் கீப்பர்). எந்த எழுத்தோ அதற்குரிய பகுதிக்குள்தான் நிற்கலாம். சென்ரர் கிட்டத்தட்ட முழு மைதானமும் ஓடலாம், ஆனால் வளையங்களுக்கு முன்னால் இருக்கிற இரண்டு அரைவட்டத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. கோல் போடுவது ஜீ.எஸ்.ஸும் ஜீ.ஏ.யும் மட்டும், அதுவும் அந்த அரைவட்டத்துக்குள் நின்றால்தான். யோசித்துப் பாருங்கள்: அணியிலேயே அதிகம் ஓடுகிறவளுக்கு வாழ்க்கையில் ஒரு கோல் கூட போடக் கிடைக்காது. ஜீ.கே. நாள் முழுக்க ஒருத்தியை மறித்தபடி நிற்பாள், அடுத்த நாள் பேப்பரில் அவள் பெயர் வராது. பி.ரி. சேர் ஒரு பிள்ளையின் எழுத்தை மாற்றிக் கொடுத்தார் என்றால், அந்த ஒரு காட்சியிலேயே அணிக்குள் இருக்கிற சண்டை எல்லாம் வெளியே வந்துவிடும்.

பந்து கையில் வந்தால் மூன்று செக்கனுக்குள் விட வேண்டும். பந்தோடு ஓட முடியாது, இறங்கிய காலை ஊன்றியபடி நிற்க வேண்டும். மறிக்கிறவள் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும், கூடைப்பந்தில் இருப்பது போலப் பின்பலகை கிடையாது. அதனால் பந்து மேலேயிருந்து நேராக விழுந்தால்தான் கோல்.

இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது. மைதானம் திறந்த வெளி. ஆண்டின் நடுப்பகுதியில் சோளகம் அடிக்கிற காலத்தில், உயர எறிந்த பந்தை காற்று ஒரு சாண் நகர்த்திவிடும். ஒரு சின்னப் பகுதியை எழுதிக் காட்டுகிறேன்:

"மிஸ், காத்து அந்தப் பக்கம் தள்ளுது."
"தெரியும். ரிங்குக்குக் கிட்டப் போய் எறி."
"கிட்டப் போக அவ விடுறா இல்லை."
"அப்ப பந்தைத் திருப்பி வெளியில குடு. குடுத்திட்டு உள்ள ஓடு. நீ நிண்டால்தானே அவ மறிப்பா."

காற்று, எதிராளி, பயிற்சி மூன்றும் நாலு வரியில் வந்துவிட்டன. இதற்கு மேல் "அவள் மனம் பதைபதைத்தது" என்று எழுதத் தேவையில்லை.

ஓட்டப் போட்டியை எழுதினால் பதின்மூன்று செக்கனில் முடிந்துவிடுகிறதே?

ஓட்டம் குறுகியது, அதற்கு முந்தின அரை மணித்தியாலம் நீளமானது. பெயர் கூப்பிடுகிற இடம், முதுகில் இலக்கத்தைக் குத்த ஊசி தேடுவது, முந்தின போட்டி இழுபடுவதால் சூடேற்றிய கால் ஆறிப்போவது, பக்கத்துப் பாதையில் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து) போட்டபடி நிற்கிற பிள்ளையை ஓரக்கண்ணால் பார்ப்பது. தொடக்கத் துப்பாக்கியின் சத்தத்துக்கு முன்னால் அசைந்தால் அந்த இடத்திலேயே வெளியே. 2010இல் இருந்து சர்வதேச விதி அப்படித்தான்.

என்னைக் கேட்டால் 4x100 அஞ்சலோட்டம்தான் கதைக்குத் தோதானது. அஞ்சல் தடியைக் கைமாற்ற இப்போது 30 மீற்றர் உண்டு. வாங்குகிறவள் திரும்பிப் பார்க்காமல் ஓடத் தொடங்க வேண்டும். புல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருக்கும். எந்த இடத்தில் தன் ஆள் வந்ததும் தான் எழும்ப வேண்டும் என்பதை அடி அளந்து, சிரட்டைத் துண்டோ கல்லோ வைத்து அடையாளம் பண்ணுவாள். கொடுக்கிறவள் "கை" என்று கத்துவாள், வாங்குகிறவள் கையைப் பின்னுக்கு நீட்டுவாள். காலையில் இருந்து ஒருவரோடு ஒருவர் கதைக்காத இரண்டு பேரை இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் ஓடுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

நேரம், தூரம் எல்லாம் எப்படிப் பிழையில்லாமல் எழுதுவது?

இதில் மிகக் கவனம் வேண்டும். 100 மீற்றரில் இலங்கைப் பெண்களின் தேசிய சாதனை சுசந்திகா ஜயசிங்க 2000இல் ஓடிய 11.04 செக்கன். அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் பதக்கம் எடுத்தவர் அவர். உங்கள் கதையில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை புல் மைதானத்தில் 11 செக்கனில் ஓடினால் அவள் நாட்டின் சாதனையையே முறித்துவிட்டாள் என்று அர்த்தம். 13 செக்கனில் ஓடினாலே வலயத்தில் திரும்பிப் பார்ப்பார்கள்.

எறிதலில் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்குக் குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம். வளர்ந்த பெண்களுக்கு 4 கிலோ, 600 கிராம். பழைய, கனம் கூடிய குண்டோடு பயிற்சி செய்த பிள்ளை போட்டியில் சரியான குண்டைத் தூக்கியதும் கை இலேசாகிவிட்டதென்று உணர்வாள். நல்ல காட்சி அது, யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

போட்டிகள் எந்த ஒழுங்கில் நடக்கும்?

முதலில் பாடசாலைக்குள் இல்ல மெய்வல்லுநர் போட்டி. பிறகு கோட்டம், வலயம், மாகாணம், கடைசியில் அகில இலங்கை மட்டம். வயதுப் பிரிவுகள் 12, 14, 16, 18, 20க்கு உட்பட்டோர். துணுக்காய், முல்லைத்தீவு, மடு, வவுனியா வடக்கு என்று ஒவ்வொரு வலயத்துக்கும் ஒவ்வொரு குணம். உங்கள் கதை எந்த வலயம் என்று முதலே முடிவு செய்யுங்கள்.

தூரமும் கதைக்குள் வர வேண்டும். மாகாணப் போட்டி யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் என்றால் கிளிநொச்சியில் இருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவுப் பிள்ளை முதலில் பரந்தன் சந்திக்கு வந்து, பிறகு ஏ9 வீதி பிடிக்க வேண்டும். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி, வான் வண்டியில் சத்தி எடுத்து, ஒன்பது மணிக்கு ஓட நிற்கிறவளும், பக்கத்து வீதியில் இருந்து சைக்கிளில் வந்து இறங்குகிறவளும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பேச்சு வைக்கத் தேவையில்லை. அந்த வானைக் காட்டினால் போதும்.

இல்லப் போட்டி வருகிற காலத்தையும் கவனியுங்கள். வழமையாகத் தை, மாசிப் பக்கம். மாரி அப்போதுதான் ஓய்ந்திருக்கும், மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கும், காலபோக அறுவடை வேறு தொடங்கிவிடும். நன்றாகப் பழகக் கிடைப்பது கொஞ்ச நாள்தான்.

போரை எழுதாமல் விடலாமா?

விடலாம். பலருக்கு இது தயக்கமாக இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2025இல் 15 வயதான பிள்ளை 2010இல் பிறந்தவள். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு பிறந்தவள். அவளுக்கு அந்த நினைவு இல்லை. அவள் மைதானத்தில் நிற்கும்போது அவள் தலைக்குள் இருப்பது நாளைய கணித ரியூசனும், பிய்ந்துபோன சப்பாத்தும், யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதும். அந்தத் தலைக்குள் செல்லடிச் சத்தத்தை நீங்கள் கொண்டுபோய் வைத்தால் அது உங்கள் நினைவு, அவளுடையதல்ல.

ஆனால் அம்மாவுக்கு நினைவு இருக்கிறது. அம்மம்மாவுக்கு இருக்கிறது. போரின் கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்து, மாத்தளனோ வட்டுவாகலோ தாண்டி, முகாமில் இருந்து, திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். மகள் இருட்டிய பிறகும் வரவில்லை என்றால் அந்த அம்மா பயப்படுகிற விதமே வேறு. அதைக் காட்டலாம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போன பெண்கள் நிறையப் பேர். கவசம் போட்டுக்கொண்டு வெய்யிலில் நாள் முழுக்க முழங்காலில் நின்று நிலத்தை விரலளவு விரலளவாகத் துழாவுகிற வேலை. அப்படிப்பட்ட அம்மா வேலை முடிந்து வந்து, நீளம் பாய்கிற மகள் மணலில் விழுவதைப் பார்க்கிறாள் என்று எழுதுங்கள். "நிலத்தைப் பாத்து விழு பிள்ளை" என்று ஒரு வசனம் போதும்.

கதை 1990களிலோ 2000களிலோ நடக்கிறது என்றால் கணக்கு வேறு. 2002இல் ஏ9 திறந்தது, 2006 ஆவணியில் மூடப்பட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் 14 வயதான பிள்ளைக்கு யாழ்ப்பாணம் போய் ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தனிக் கதையாகவே எழுதலாம். அதில் போர் வராமல் எழுத முடியாது.

வறுமையைக் காட்டினால்தானே வாசகருக்கு உறைக்கும்?

வறுமை இருந்தால் காட்டுங்கள், விலையோடு காட்டுங்கள். ஸ்பைக்ஸ் வாங்க அம்மா எந்தக் கடனைத் தள்ளிப்போட்டாள், சீட்டுக் காசு எப்போது விழும், அணியில் ஒரே ஒரு சோடி இருந்தால் யார் எந்தப் போட்டிக்குப் போடுவது என்ற விவரம் வர வேண்டும். வெறுங்காலோடு ஓடி வெல்கிற பிள்ளை என்பது மட்டும் வேண்டாம். வெறுங்காலில் ஓடினால் முள் குத்தும், சூட்டில் பாதம் கொப்பளிக்கும், வளைவில் வழுக்கும். அந்தப் பிள்ளைக்கு அது பெருமை இல்லை, எரிச்சல்.

மாதவிடாயை எழுதலாமா? வாசகர்கள் முகம் சுளிக்க மாட்டார்களா?

எழுதத்தான் வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளின் விளையாட்டுக் கதையில் அது இல்லாவிட்டால் பாதி உண்மை இல்லை. வெளிறிய நிறக் காற்சட்டை, மைதானத்தில் கதவு பூட்டாத மலசலகூடம், ஆண் பயிற்றுநரிடம் சொல்ல முடியாமல் "வயித்துக்குள்ள குத்து" என்று மட்டும் சொல்வது, தோழி பின்னால் வந்து நடப்பது. சாமத்தியச் சடங்குக்குப் பிறகு "இனி ஓட்டம் போதும்" என்று வீட்டில் சொல்வதும் இங்கே நடக்கிறதுதான்.

இன்னொன்று. கடுமையாகப் பழகியதால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று எழுதி, அதை உழைப்பின் அடையாளமாகக் காட்டாதீர்கள். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு அப்படிச் செய்யும், எலும்பு பலவீனமாகி வெடிப்பு வரும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் வந்து, பின்னேரம் ஐந்தரை வரை ஓடுகிற பிள்ளைக்கு இது நடக்கலாம். முழங்காலுக்குள் இருக்கிற இணைப்பு நார் (ஏ.சி.எல்.) கிழிவதும் பாய்ந்து திரும்புகிற விளையாட்டுகளில் ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளுக்குச் சில மடங்கு கூடுதல். வலைப்பந்தில் பந்தைப் பிடித்து ஒற்றைக்காலில் இறங்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அப்படி விழுந்தவளைக் கதையில் அடுத்த கிழமை ஆட விடாதீர்கள். மாதக்கணக்கு எடுக்கும்.

அம்மா அப்பாவை எதிரியாக வைக்கலாமா?

மறிக்கிறவர்களுக்கும் காரணம் கொடுங்கள். கடைசி பஸ் போய்விடும், வீதியில் விளக்கில்லை, சில கிராமங்களில் இருட்டினால் யானை வரும், ஓ.எல். பரீட்சை வருகிறது. இவை எல்லாம் நியாயமான காரணங்கள். அம்மா பிழை, மகள் சரி என்று எழுதினால் கதை தட்டையாகிவிடும். பேத்தியைப் பின்னேரம் ஐந்து மணிக்குக் கூட்டிப் போக சைக்கிளோடு படலையில் நிற்கிற அப்பம்மாக்களும் இருக்கிறார்கள். அயலில் "குமர்ப்பிள்ளை காற்சட்டையோட ஓடுறாள்" என்று சொல்கிற மாமிக்கு, அப்பம்மா என்ன பதில் சொன்னா என்பதை எழுதுங்கள்.

பயிற்றுநருக்கும் மாணவிக்கும் காதல் என்று வைக்கலாமா?

வேண்டாம். அது காதல் இல்லை. அணியில் இடம் கொடுப்பதும் எடுப்பதும் அவர் கையில் இருக்கும்போது பிள்ளை சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த விஷயத்தை எழுத வேண்டுமென்றால் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகவே எழுதுங்கள். யாரிடம் சொல்வாள், சொன்னால் யார் நம்புவார்கள், அணி உடைந்துவிடும் என்று ஏன் வாய் மூடி இருக்கிறாள் என்பதெல்லாம் வரட்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் கதையின் சுவரில் எங்காவது ஒட்டியிருந்தால், வாசிக்கிற பிள்ளைக்கும் அது தெரியவரும்.

அதே நேரம், நல்ல பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். சொந்தக் காசில் தோடம்பழமும் குளுக்கோசும் வாங்கிக்கொண்டு வருகிற மிஸ்மாரை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பேச்சை எப்படி எழுதுவது?

கதை சொல்கிற குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், உரையாடல் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். "ஏலாது", "கெதியா ஓடு", "கால் பிரண்டு போச்சு", "அவ வாறா". ஆசிரியரை மிஸ், சேர், ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வயது மூத்த அணித் தலைவியும் அக்காதான். ஆட்டத்துக்குள் மட்டும் அந்த அக்கா போய்விடும், "பந்தைத் தா!" என்ற சத்தம்தான் வரும். ஆட்டம் முடிந்ததும் திரும்ப "அக்கா, கோவமோ?" இதைக் கவனித்து எழுதினால் அழகாக இருக்கும்.

உண்மையான வீராங்கனைகளின் பெயரைக் கதையில் கொண்டுவரலாமா?

பிள்ளைகள் பார்த்து ஆசைப்படுகிறவர்களாகக் கொண்டுவரலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து போய் இலங்கை வலைப்பந்து அணிக்கு விளையாடிய தர்ஜினி சிவலிங்கம், கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த தெல்லிப்பழை அனித்தா ஜெகதீஸ்வரன் பெயர்கள் வகுப்பறையில் அடிபடுகிறவைதான். நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். 2022இல் பாகிஸ்தானில் நடந்த உதைகுத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்ற கணேஷ் இந்துகாதேவி முல்லைத்தீவுப் பிள்ளை. 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் மெய்வல்லுநரில் தங்கத்தோடு வந்த அகிலத்திருநாயகி அம்மாவும் முல்லைத்தீவுதான், அப்போது வயது 72. உங்கள் கதையின் 14 வயதுப் பிள்ளைக்கு ஓடச் சொல்லிக்கொடுக்கிற பாட்டி ஒருத்தி வந்தால் அதை யாரும் நம்ப முடியாதென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இவர்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாது.

வேறு நாடுகளில் இப்படிக் கதைகள் எப்படி வந்தன?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கரப்பந்து முதல்முறை சேர்க்கப்பட்டது. ஜப்பான் பெண்கள் தங்கம் வென்றார்கள். அதன்பிறகு அங்கே கரப்பந்து ஆடும் மாணவிகளைப் பற்றிச் சித்திரக்கதைகள் வரத் தொடங்கின. அமெரிக்காவில் 1972இல் வந்த சட்டம் பாடசாலை விளையாட்டைப் பெண்பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டது. முதலில் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள், பிறகு கதைகள் வந்தன. வன்னியில் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

கடைசியில் அவள் வெல்ல வேண்டுமா?

வெல்லலாம், தோற்கலாம், மாகாண மட்டத்தில் நாலாமிடம் வரலாம். நாலாமிடம் எனக்குப் பிடித்த முடிவு, ஏனென்றால் மூன்று பேர் மேடைக்குப் போகும்போது இவள் என்ன செய்கிறாள் என்று எழுத நல்ல இடம் கிடைக்கும். ஆனால் தோல்வியை ஆறுதல் வார்த்தையால் மெழுக வேண்டாம். வென்றால் வென்றதாகவே எழுதுங்கள், அவள் துள்ளிக் குதிக்கட்டும்.

எழுதியதை முதலில் யாருக்குக் காட்டுவது?

அந்த விளையாட்டை இப்போது விளையாடுகிற ஒரு பிள்ளைக்கு. வாசித்துவிட்டு "இப்பிடி ஒருத்தரும் பந்து குடுக்க மாட்டினம்" என்று அவள் சொன்னால், அந்தப் பந்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றுங்கள். அப்புறம் ஒரு பயிற்றுநருக்கு, அதற்குப் பிறகு இலக்கிய நண்பர்களுக்கு. கதை ஒரு உண்மைப் பிள்ளையிடம் இருந்து பிறந்ததென்றால் பெயர், பாடசாலை, விளையாட்டு மூன்றையும் மாற்றிவிடுங்கள். வன்னியில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த நாளே யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.